மனுக்காரர் சொன்ன உதாரணங்கள்

நாய்க்கும் பூனைக்கும் வானத்தில் என்ன வேலை என்று கேட்டு, ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை மூடி என் அரிசிப் பானையின் மேல் வைத்தவர் அவர். பெருமழை கொட்டினால் நாயும் பூனையுமாகப் பெய்கிறது என்று இங்கிலீஷ்காரர்கள் சொல்வார்களாம். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

"நான் அம்பது ஐப்பசி பார்த்தாச்சு எஸ்தரம்மா. வெள்ளத்துல மாடு போனதப் பார்த்திருக்கேன், வைக்கோல்போர் போனதப் பார்த்திருக்கேன். மேலேருந்து நாய் விழுந்து பார்த்ததில்ல. பார்க்காத ஒண்ண எப்படிச் சொல்லிக் குடுக்கறது?" என்றார். அந்தப் பாடம் அன்றோடு ரத்து.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் மனுக்காரர். நன்னிலம் தாலுகா ஆபீசுக்கு எதிரே, மரத்தடியில் தகரப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அட்டை வைத்து மனு எழுதுவார். பட்டா மாற்ற வருகிறவர், வாய்க்கால் தகராறு சொல்ல வருகிறவர், குத்தகைக்காரர், பண்ணையார் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். மதியத்துக்கு மேல், நான் சொல்லப்போகும் அந்தப் பாடத்துக்காக, சைக்கிளில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். நான் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சமையல்காரி. நாற்பது படுக்கைக்கும் கஞ்சி, சோறு, ரசம் என் கையால்தான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கஞ்சி அடிபிடித்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அவர் குணம் ஒன்றே ஒன்றுதான். பொய்யான உதாரணம் சொல்ல மாட்டார். மனுவிலும் அப்படியே. ஒருமுறை நான் ஊர்ப்பக்கம் ஒரு வேலையாகப் போய் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஆள் வந்து, "மூணு நாளா பட்டினின்னு போடுங்க சாமி" என்றான்.

"நேத்து என்ன சாப்பிட்ட?"

"கூழுதாங்க."

"அப்ப நேத்து பட்டினி இல்ல. கூழுன்னு போடறேன். முந்தாநேத்து?"

"முந்தாநேத்து நெசமா ஒண்ணும் இல்லீங்க."

"அதப் போடறேன். ஒரு நாள் பட்டினியே போதும்யா, தாசில்தாரு கண்ணுல தண்ணி வர்றதுக்கு."

அவர் கையெழுத்து என்றால் தாசில்தார் ஆள் அனுப்பி விசாரிக்காமலே நம்புவார் என்று ஜனங்கள் பேசிக்கொள்வார்கள்.

முன்னே அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். 'புட் அப் வித்' என்று ஒரு சொல். பிடிக்காததைப் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுவது என்று அர்த்தம். அதற்கு அவர் வகுப்பில் சொன்ன உதாரணம், ஹெட்மாஸ்டர் வீட்டு அம்மாள் ஹெட்மாஸ்டரைப் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார் என்பது. மறுவாரம் வேலை போயிற்று.

"ஏன் இப்படிப் பண்ணிக்கிட்டீங்க?" என்று நான் கேட்டதற்கு, "அந்தம்மா கடைசி வரைக்கும் பொய்னு சொல்லலையே எஸ்தரம்மா" என்றார். அவருக்கு அந்த ஒரு சமாதானம் போதுமானதாக இருந்தது.

இனி சிஸ்டர் கதைக்கு வருகிறேன். புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து, எல்லாச் சுவரிலும் கறுப்பும் சிவப்புமாக இருந்த காலம். மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. மனுக்காரரிடம் இங்கிலீஷ் மனு கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அதே வருஷம் வைகாசியில்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஹங்கேரி தேசத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். இலோனா என்று பெயர். சொந்த நாட்டில் கலகம் வந்தபோது சிறுபெண்ணாக எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய், அங்கே படித்து, மிஷன் வழியாக இங்கே வந்தவர். பிரசவம் பார்ப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பி எடுத்ததை நானே பார்த்தேன். ஆனால் இங்கிலீஷ் தகராறு. டாக்டர் கேரளத்துக்காரர், இங்கிலீஷில்தான் பேசுவார். சிஸ்டருக்கு ஒற்றை ஒற்றைச் சொல்லாகத் தெரியும். 'கிவ்' தெரியும், 'புட்' தெரியும், 'லுக்' தெரியும். அதற்குப் பின்னால் 'அப்', 'ஆஃப்', 'இன்' என்று ஒரு வால் ஒட்டினால் விழிப்பார்.

மெட்ராஸில் உள்ள மிஷன் கமிட்டி ஐப்பசி வரை தவணை கொடுத்தது. அதற்குள் இங்கிலீஷ் சரியாக வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று கடிதம். சிஸ்டர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "எஸ்தர், நான் எங்கே போறது? எனக்கு ஊர் இல்லை" என்று தெரிந்த தமிழில் சொன்னார். நான்தான் மனுக்காரரைக் கூட்டிவந்தேன். சம்பளமாக அவர் கேட்டது நாள்தோறும் இரண்டு தம்ளர் காபி.

முதல் நாளே அவர் சிஸ்டரிடம் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். உங்கள் பாஷையில் இந்த வால் இல்லையா என்று. உண்டு, ஆனால் அது சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சிஸ்டர் எழுதிக் காட்டினார். மனுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "அப்படிச் சொல்லுங்க! உங்க மாட்டுக்குக் கொம்பு, இங்கிலீஷ்காரன் மாட்டுக்கு வாலு. மாடு ஒண்ணுதான்!" என்று மேசையைத் தட்டினார். காபி சிந்தியது.

அன்று முதல் சிஸ்டர் நோட்டில் இப்படி ஒரு வழக்கம் வந்தது. மேலே இங்கிலீஷ் சொல். கீழே ஹங்கேரி பாஷையில் அர்த்தம். அதற்கும் கீழே ஒரு உதாரணம். அந்த உதாரணம் நம் ஊரில், கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும்.

'டர்ன் அப்' என்பதற்காக நாலு நாள் காத்திருந்தார்கள். எங்களுடையது கடைமடை. மேட்டூரில் திறந்தாச்சு என்று ரேடியோ சொன்னாலும், தண்ணீர் எங்களுக்கு வரும்போதுதான் நிச்சயம். ஐந்தாம் நாள் மனுக்காரர் மூச்சிரைக்க சைக்கிளில் வந்து, "சிஸ்டர், கிளம்புங்க!" என்று வாய்க்காலுக்கு இழுத்துக்கொண்டு போனார். காய்ந்து வெடித்த வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் மெல்ல நக்கிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடிவந்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். "இதான் டர்ன் அப். வருமா வராதான்னு இருக்கறச்சே வந்து நிக்கறது" என்றார். சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றார். அவருக்கு அந்தச் சொல் அதன்பின் மறக்கவே இல்லை.

'கிவ் அப்', 'கிவ் இன்' இரண்டும் குறுவை அறுப்பின்போது வந்தன. பக்கத்து ஊரில் கூலித் தகராறு. கலத்துக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. நிலத்துக்காரர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். செங்கொடியும் போலீசுமாக இருந்தது. கதிர் முற்றி நெல் உதிர ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்துக்கு மனுக்காரர் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் நிற்க வைத்தார். உள்ளூர்ப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வரப்பில் வரிசையாக நின்றதைப் பார்த்து, வெளியூர்க்காரர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். சாயங்காலம் நிலத்துக்காரரின் ஏஜெண்டு வந்து அரைப்படிக்குச் சம்மதித்தார்.

"வந்தவங்க வேலைய விட்டாங்க, அது கிவ் அப். நிலத்துக்காரரு பிடிவாதத்த விட்டாரு, அது கிவ் இன்" என்று மனுக்காரர் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு போலீஸ்காரர் தடியோடு வந்துவிட்டார்.

"யோவ், நீ எந்தக் கட்சி?"

"நான் கிராமர் கட்சிங்க."

"அது எப்ப ஆரம்பிச்சது?" என்று அவர் நிஜமாகவே கேட்டாராம்.

எனக்கும் ஒரு சொல் கிடைத்தது. 'ஷோ ஆஃப்.' தன் பெருமையைத் தானே கடைபரப்புவது. உதாரணம், எஸ்தரம்மா மீன்குழம்பு வைத்த நாளில் பேசும் பேச்சு. சிஸ்டர் அதை எனக்கே படித்துக் காட்டினார், பாவம், கள்ளம் தெரியாதவர். நான் மூன்று நாள் மனுக்காரருக்குக் காபி கொடுக்கவில்லை. நாலாம் நாள் அவர் அடுக்களை வாசலில் நின்று, "எஸ்தரம்மா, கோவம் நியாயந்தான். பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்த வரிய அடிச்சுடறேன்" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். என் மீன்குழம்பைப் பற்றி நான் பேசாமல் இருந்தால் வேறு யார் பேசுவது? "பொய் இல்ல. ஆனா நல்லா இருக்கும்கிறதையும் சேர்த்து எழுதணும்" என்றேன். எழுதச் சொன்னார். இந்தா காபி என்று வைத்தேன்.

இதெல்லாம் சிரிப்பு. என்னைப் பயமுறுத்தியது 'புட் ஆஃப்'தான். இதோ அதோ என்று நாள் கடத்துவது.

ஆஸ்பத்திரிக்கு இடம் கொடுத்தது எங்கள் ஊர்ப் பண்ணையாரின் தாத்தா. அந்த மரியாதையில் பண்ணையார் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் ஒரு ஆள். ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர அவர் நிலத்து வரப்பு ஒன்றுதான் வழி. மழைக்காலத்தில் பிரசவ வலியோடு வருகிற பெண்களைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து, அந்த ஒற்றையடி வரப்பில் நாலு பேர் வழுக்கி வழுக்கித் தூக்கிவருவார்கள். வண்டி வரும்படியாகப் பாதை விடுகிறேன் என்று பண்ணையார் வாக்குக் கொடுத்திருந்தார். குறுவை முடியட்டும் என்பார். அப்புறம் சம்பா முடியட்டும் என்பார். காரணம் மனுக்காரருக்குத் தெரியும். பாதை எழுதிக் கொடுத்தால் சர்வேயர் வருவார். அவர் சங்கிலி ஒரு வயலில் விழுந்தால் அடுத்த வயலுக்கும் நீளும். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மாமன் பேரிலும் மச்சான் பேரிலும் வைத்திருக்கிற நிலமெல்லாம் வெளியே வந்துவிடும்.

"இதப் போயி நோட்டுல எழுதலாமா? அவரு காதுல விழுந்தா?" என்றேன்.

"பொய்யா?"

"பொய் இல்ல. அதனாலதான் பயமா இருக்கு."

"மெய்யா இருந்தாத்தான் எஸ்தரம்மா, சொல்லு மனசுல நிக்கும். பொய் உதாரணம் ஈரச் சுவத்துல அடிச்ச சுண்ணாம்பு."

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மெட்ராஸ் கமிட்டியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கார் ரோட்டோடு நின்றுவிட்டது. நான் போய்க் கையைப் பிடித்து வரப்பில் நடத்திக் கூட்டிவந்தேன். இரண்டு இடத்தில் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டார். செருப்பில் ஒன்று வயலோடு போயிற்று. சாப்பாட்டுக்கூடத்தில் அவரை உட்கார வைத்து, கால் அலம்ப வெந்நீர்த் தவலையை முன்னால் வைத்தேன். ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் வெள்ளை வேட்டியில் பண்ணையார். எதிரே சிஸ்டர், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. நானும் மனுக்காரரும் அடுக்களைக் கதவோரம். உள்ளே நடக்கிற இங்கிலீஷை அவர் என் காதில் தமிழாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அந்த அம்மாள் சொல்லைச் சொல்லுவார், சிஸ்டர் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தண்ணீர் வந்த கதை சொன்னார். அரைப்படிக் கதை சொன்னார். அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டார். அடுத்து, 'புட் ஆஃப்' என்றார்.

சிஸ்டர் பண்ணையாரைப் பார்த்தார். என் பக்கம் பார்த்தார். வேறு ஏதாவது சொல்லித் தொலையேன் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அவருக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். 'ஆஸ்பத்திரிப் பாதையைப் பண்ணையார் ஆறு வருஷமாக நாள் கடத்துகிறார்' என்று நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் சொன்னார்.

டாக்டர் இருமினார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு காகிதத்தைத் தேடி எடுத்தார். பாதை கொடுத்தாகிவிட்டது என்று உங்கள் ஆஸ்பத்திரிக் கமிட்டி அனுப்பிய போன வருஷ ரிப்போர்ட்டில் இருக்கிறதே, நாங்கள் நன்றிக் கடிதம்கூட அனுப்பினோமே என்றார். அப்படியானால் சிஸ்டருக்கு இந்தச் சொல்லின் அர்த்தம் பிடிபடவில்லை, கொடுப்பதற்கும் கடத்துவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று பேனாவைத் திறந்தார்.

சிஸ்டரின் உதடு வெளுத்துப்போயிற்று. ஆனாலும் வாக்கியத்தை மாற்றவில்லை.

என் பக்கத்தில் நின்ற மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார்.

"அம்மா, மன்னிக்கணும். சிஸ்டருக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். அந்த வாக்கியம் சரியா தப்பான்னு ரிப்போர்ட்டப் பார்த்துச் சொல்ல முடியாதுங்க. ஐயாவத்தான் கேக்கணும்."

பண்ணையாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னய்யா இது? என் மனுவெல்லாம்கூட நீதானேய்யா எழுதற?"

"உங்க மனுவுலயும் நான் பொய் எழுதினதில்லீங்களே ஐயா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்தப் பக்கத்தக் கிழிச்சு உங்க கையில குடுத்துடறேன். சிஸ்டரும் அவங்க பெட்டியக் கட்டிடுவாங்க."

பண்ணையார் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பார்வை அப்படியே இறங்கி, தவலைக்குள் இருந்த அந்த அம்மாளின் காலுக்கு வந்தது. வெந்நீர் முழுக்க அவர் வயல் சேறு.

"வாக்கியம் சரிதாம்மா" என்றார் கடைசியில். "ஒண்ணே ஒண்ணு தப்பு. ஆறு வருஷம் இல்ல. ஏழு."

அந்த அம்மாள் சிரித்தாரோ இல்லையோ, நான் பார்க்கவில்லை. நான் மனுக்காரரைத்தான் பார்த்தேன். மனுஷன் அப்படியே ஆடிப்போய்விட்டார். "ஏழா? ஏழுங்களா? அடடா!" என்று தலையில் அடித்துக்கொண்டு, சிஸ்டர் கையிலிருந்த நோட்டை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அங்கேயே திருத்தினார். ஜெயித்த முகமாகவே இல்லை, பிடிபட்ட முகமாக இருந்தது.

"வேற எந்த வார்த்தைக்கெல்லாம்யா என்னப் போட்டிருக்க?" என்றார் பண்ணையார்.

மனுக்காரர் அவசரமாக நோட்டைச் சிஸ்டரிடமே திருப்பிக் கொடுத்தார். சிஸ்டர் பரீட்சை இன்னும் நடப்பதாக நினைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டி, "வொயிட் எலிஃபெண்ட். உங்க டிராக்டர்" என்றார். ஆசையாக வாங்கி, கூலியாட்கள் எதிர்த்ததால் வயலில் இறக்க முடியாமல், கொட்டகையில் கோழி அடைகாக்க விட்டிருந்த டிராக்டர் அது. உதவாமல் செலவு வைக்கிற பொருளுக்கு இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சொல்வார்களாம். முதலில் சிரித்தது பண்ணையார்தான். "அது நெசம்மா நெசம்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் யாருக்குத்தான் அடக்க முடியும்?

சிஸ்டர் பாஸ். அந்த அம்மாள் என் மீன்குழம்பை இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகும்போது, ஜெர்மனியில் இன்னும் இரண்டு ஹங்கேரிப் பெண்கள் இங்கே வரக் காத்திருக்கிறார்கள், அவர்களும் இங்கிலீஷில் தடுமாறுகிறார்கள், இந்த நோட்டைப் பிரதியெடுத்து அனுப்புங்கள் என்றார். சிஸ்டர் பதினைந்து நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பினார். அப்படி எங்கள் வாய்க்கால், அரைப்படி, பண்ணையார், டிராக்டர், நான் எல்லாரும் கடல் தாண்டிப் போனோம்.

பாதையை மனுக்காரரே முடித்துவைத்தார். "சர்வேயர் வேண்டாம், பத்திரம் வேண்டாம். வரப்ப அகலமாக்குங்க, போதும்" என்றார். வரப்பின் இந்தப் பக்கம் பண்ணையாரின் சொந்தச் சாகுபடி. அந்தப் பக்கம் அவரோடு கோர்ட்டில் மல்லுக்கு நிற்கும் குத்தகைக்காரர். இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. மனுக்காரர் நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஐயா மூணடி விட்டுட்டாங்க. நீங்க?" என்று அங்கே கேட்டார். "அவரும் மூணடி விட்டுட்டாரு. நீங்க நகரக் கூடாது" என்று இங்கே சொன்னார். சம்பா அறுப்பு முடிந்து, மாசியில் மண்ணடித்துக் கெட்டித்தார்கள்.

முதல் வண்டி வந்த அன்று எங்களுக்கெல்லாம் கல்யாணம் மாதிரி இருந்தது. ஒரு தலைச்சன் பிள்ளைக்காரியை வில்வண்டியில் வைத்து, ஒரு குலுக்கலும் இல்லாமல் வார்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். நான் கேசரி கிண்டினேன். மனுக்காரர் மதியம் வந்தார். காபியைத் தொடவில்லை. மூஞ்சி தொங்கிக் கிடந்தது.

"என்னங்க, உங்க பாதைல வண்டி வந்திருக்கு. நீங்க எழவு வீட்டுக்கு வந்தாப்புல உட்கார்ந்திருக்கீங்க?"

"நல்ல உதாரணம் போச்சே எஸ்தரம்மா. ஏழு வருஷம் ஊறின உதாரணம். இனி இந்த மாதிரி ஒண்ணு எங்க கிடைக்கும்?"

"ஏன், எலக்சனுக்கு எலக்சன் ஆத்துல பாலம் கட்டறேன்னு மைக்குல முழங்கிட்டுப் போறாங்களே, அவங்களப் போடுங்க."

"போடலாம்" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "ஐயையோ! சிஸ்டர் எங்க?"

"வார்டுல. என்னத்துக்கு?"

"அந்த ஜெர்மனிப் பொண்ணுங்க! இன்னிக்கும் அதுங்க ரெண்டும் உட்கார்ந்து, பண்ணையார் பாதை குடுக்காம நாள் கடத்தறார்னு சத்தம் போட்டுப் படிச்சுக்கிட்டிருக்கும் எஸ்தரம்மா. காலையிலேருந்து அது பொய்யாச்சே!"

கேசரியை அப்படியே வைத்துவிட்டு வார்டுக்கு ஓடினார். பிரசவம் பார்த்துவிட்டுக் கையைக்கூடச் சரியாகத் துடைக்காத சிஸ்டரை உட்கார வைத்து, இரண்டு வரி எழுதி வாங்கினார். அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள், பண்ணையார் பாதையைக் கொடுத்துவிட்டார் என்று. மூன்று மணிக்குத் தபால் பை கட்டிவிடுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடிதத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, புதுப் பாதையில் மனுஷன் சைக்கிளை மிதித்த மிதியில், எதிரே வந்த பண்ணையாரே வில்வண்டியை ஓரங்கட்டி அவருக்கு வழிவிட்டார்.